சென்னையில் புத்தரைப் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்த பூர்ணிமா நெருங்கினால் போதும், ‘சென்னையில் பார்க்க வேண்டிய பௌத்தத் தலங்கள்’ என்று ஒரு பட்டியல் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எழும்பூர், அடையாறு, பெரம்பூர், காஞ்சிபுரம் என்று நான்கு பெயர். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கடைசியில் ஒரு வரி. அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் நாளிதழைப் படித்துவிட்டுக் குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம் என்பதால் சில விவரங்களை எழுத விரும்புகிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த நகரத்தில் இன்று வழிபாடு நடக்கும் புத்தர் ஓரிடத்தில் இருக்கிறார், தமிழகத்தில் ஒரு காலத்தில் வழிபட்ட புத்தர் வேறிடத்தில் இருக்கிறார். எழும்பூர் மகாபோதி விகாரத்துக்கு (பிக்குகள் தங்கும் பௌத்தக் கோயில்) மட்டும் போனால் பௌத்தம் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது போலத் தோன்றும். மியூசியத்துக்கு மட்டும் போனால் அது என்றோ முடிந்துபோன கதை போலத் தோன்றும். இரண்டும் எழும்பூரிலேயே, கால்மணி நேர நடைத் தொலைவில் இருப்பது சென்னைக்காரர்களின் அதிர்ஷ்டம். ஆகவே அரை நாள்தான் உண்டு என்றால் அடையாற்றை விட்டுவிடுங்கள், எழும்பூரை மட்டும் பாருங்கள்.

பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பௌர்ணமி வெள்ளியன்று வந்தால் விகாரத்தில் கூட்டம் இருக்கும், மியூசியம் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை. கூடங்களைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவதுண்டு. அதனால் டிக்கெட் வாங்கும் முன்பே, ‘அமராவதி கூடமும் வெண்கலக் கூடமும் இன்று திறந்திருக்கிறதா?’ என்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் பௌத்தம் பார்க்க வந்தவருக்கு அங்கே அதிக வேலை இல்லை. கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

ஆந்திரத்து அமராவதியில் இருந்த பெரிய ஸ்தூபியின் (அரைக்கோள வடிவ பௌத்த நினைவுச் சின்னம்) சிற்பங்களைப் பார்த்தவர்களில் பலர் ‘உடைந்த கற்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காரணம், எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியாததுதான். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கூடத்துக்குள் போனதும், முழு ஸ்தூபியையே சிறிய அளவில் செதுக்கிய பலகைக்கல் எதுவென்று தேடுங்கள். ஸ்தூபியின் அடித்தளத்தைச் சுற்றிப் பதித்திருந்த பலகைகளில் இப்படி ஸ்தூபியின் உருவமே இருக்கும். சுற்றிலும் வேலி, வாசலில் சிங்கங்கள், எதிரே வரிசையாக ஐந்து ஆயகத் தூண்கள், மேலே அரைக்கோளக் குவிமாடம், அதன் மேல் குடை என்று எல்லாம் அந்த ஒரே கல்லில் தெரியும். அந்த ஐந்து தூண்களைப் பிறப்பு, துறவு, ஞானம், முதல் அறவுரை, பரிநிர்வாணம் ஆகிய ஐந்தின் அடையாளம் என்று சொல்வது வழக்கம். இந்தக் கல்லை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால், தாமரை வட்டம் உள்ளவை வேலித் தூண்கள், அகன்ற பலகைகள் அடித்தளத்தின் போர்வை என்று மற்ற துண்டுகள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

பழைய காலத்துக் கற்களில் புத்தர் உருவமே இருக்காது. காலியான ஆசனம், அரச மரம், பாதச் சுவடு, சக்கரம் இவைதான் புத்தர். ‘சிலை உடைந்து விழுந்துவிட்டது போல’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். புத்தரை மனித உருவில் காட்டும் வழக்கம் பிறகு வந்தது. இரண்டு வகையும் அமராவதியில் உண்டு என்பதுதான் இந்தத் தொகுப்பின் அருமை. தவறவிடக் கூடாதது நாளகிரி யானையை அடக்கும் வட்டச் சிற்பம். ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு முறை வரும். ஒருபுறம் தெருவில் மதம்பிடித்து ஓடுகிறது, மக்கள் சிதறுகிறார்கள்; மறுபுறம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. இடமிருந்து வலமாகப் பார்த்தால் கதை புரியும். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களைக்கூடச் சிற்பி விடவில்லை.

எல்லோரும் இதைப் பளிங்கு என்கிறார்கள். ஆனால் இது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். கை பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் அதில் இறங்கும். அந்தக் கல் பட்ட பாடே போதும். 1797ல் ஆங்கிலேய அதிகாரி காலின் மெக்கன்சி அமராவதிக்குப் போனபோது, கட்டடம் கட்ட மேட்டைத் தோண்டிக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845ல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பியவை ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859ல் அவற்றில் ஒரு பகுதி கப்பலேறி லண்டன் போனது. பின்னால் வந்த அகழாய்வுகளில் கிடைத்தவற்றோடு சேர்த்து மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். குழந்தையைத் தாமரை மேல் கைவைக்கச் சொல்லிப் படம் எடுப்பவர்கள் தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமராவதி ஆந்திரத்தின் சொத்து. தமிழ்நாட்டுப் பௌத்தத்தைப் பார்க்க வெண்கலக் கூடத்துக்குப் போக வேண்டும். 1856 முதல் நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த பௌத்தப் படிமங்கள் முந்நூற்றைம்பதுக்கும் மேல். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரமும், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைச் சோழர் விட்டுக்கொடுத்த செப்பேடும் பாடப் புத்தகத்தில் படித்தவைதான். அந்த ஊரின் புத்தர்களை இங்கே நேரில் பார்க்கலாம். தலையுச்சியில் தீச்சுடர் போல எழும் முடியைக் கவனியுங்கள். அது சோழநாட்டு புத்தரின் முத்திரை. பெரும்பாலானவை சிறியவை, நேர்த்திக்கடனாகச் செய்துவைத்தவை. கண்ணாடிப் பெட்டியில் வெளிச்சம் எதிரொளிக்கும், எனவே பக்கவாட்டில் நின்று பாருங்கள். காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த ஏழடிக்கும் மேல் உயரமான நின்ற புத்தர் கற்சிலையும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று காவலரிடம் கேட்டுப் போய்ப் பாருங்கள். காஞ்சிக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய சிலை அது.

இவற்றுக்கெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் ஒன்றரைக்கு மியூசியத்துக்குள் நுழைந்து, நான்கு மணிக்கு வெளியே வந்து, அங்கிருந்து நடந்து விகாரத்துக்குப் போவதுதான் வசதியான வரிசை. தலைகீழாகச் செய்தால் நடுப்பகலில் விகாரத்தில் போய் நிற்பீர்கள். இலங்கையின் தேரவாத மரபைச் சேர்ந்த பிக்குகள் நடுப்பகலுக்கு முன் உணவை முடித்துவிடுவார்கள். அதன்பின் ஓய்வு நேரம். அந்த வேளையில் போய் மணி அடிப்பது மரியாதையல்ல.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலிருந்து பிரியும் கென்னட் லேனில் லாட்ஜுகளுக்கு நடுவே இருப்பது இலங்கை மகாபோதி மையம். அநகாரிக தர்மபாலர் 1891ல் கொழும்பில் தொடங்கிய மகாபோதி சங்கத்தின் வழிவந்தது. புத்தகயை போகும் சிங்கள யாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் இடம் என்பதால் குளிர்மாதங்களில் வளாகம் நிறைந்திருக்கும். 2011 ஜனவரியில் இங்கே தாக்குதல் நடந்தது. இலங்கை விவகாரம் சூடாகும் நாட்களில் வாசலில் போலீஸ் நிற்கும். பெயர், ஊர் கேட்டால் சொல்லிவிட்டு உள்ளே போங்கள், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

உள்ளே நம்மவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் பழக்கத்தால் வருபவை. தேங்காய் உடைக்க இடமில்லை, கற்பூரம் ஏற்றுவதில்லை, அர்ச்சனைச் சீட்டு இல்லை, திருநீறோ குங்குமமோ தர மாட்டார்கள். மாலை தேவையில்லை. உதிரிப் பூக்கள், கிடைத்தால் தாமரை மொட்டு போதும். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, தண்ணீர் தெளித்து, பூ மேடையில் வைக்க வேண்டும். வைக்கும் முன் முகர்ந்து பார்க்கக் கூடாது. ஊதுவத்தியும் விளக்கும் அதற்குரிய தொட்டியில் மட்டும்; வாயால் ஊதி அணைக்காதீர்கள். மாலைப் பூசையில் கெட்டியான உணவு படைப்பதில்லை, பானம் மட்டுமே. எனவே சாயங்காலம் சுண்டலும் கேசரியும் கட்டிக்கொண்டு போனால் வாங்கிக்கொள்ளச் சங்கடப்படுவார்கள்.

பிக்குகளுக்குத் தானம் தர விரும்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, சமைத்த உணவைப் பதினோரு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினொன்றரைக்குப் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் அந்தச் சாப்பாடு அவர்களுக்குப் பயன்படாது. பணத்தைப் பிக்குவின் கையில் திணிக்காமல் உண்டியலில் போடுங்கள். பெண்கள் எதையும் நேராகக் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைப்பது நல்லது. எல்லாப் பிக்குகளும் இதில் கண்டிப்பாக இருப்பதில்லை என்றாலும் இதனால் யாருக்கும் சங்கடம் வராது. பிரித் (காப்பு வேண்டி ஓதும் பாலி மந்திரங்கள்) ஓதிய வெள்ளை நூலைக் கையில் கட்டிவிடும்படி கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

செருப்பு மட்டுமல்ல, தொப்பியையும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை. வெள்ளை என்றால் இன்னும் பொருத்தம். புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதை இலங்கைப் பௌத்தர்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். பக்கவாட்டில் நின்று எடுங்கள். அமரும்போது காலை புத்தர் பக்கம் நீட்டாதீர்கள். போதி மரத்தை வலமாகச் சுற்றலாம், வேரில் தண்ணீர் ஊற்றலாம், உதிர்ந்த இலையை எடுத்துக்கொள்ளலாம், பறிக்கக் கூடாது. பௌர்ணமியன்று வழிபாட்டைப் பார்க்கலாம். பிக்குவிடம் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டுமென்றால் சாதாரண நாளின் மாலைதான் ஏற்றது.

பெரம்பூர் விகாரம் வேறு மரபைச் சேர்ந்தது, இங்கேயே வேர்விட்ட தமிழ்ப் பௌத்த மரபு அது. அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று தீட்சை பெற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907ல் அங்கிருந்தே ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வெளிவந்தது. தமிழர்கள் தமிழிலேயே நடத்திய பௌத்தம் அது. 1956 அக்டோபர் 14ல் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய பின் உருவான விகாரங்களில் புத்தருக்குப் பக்கத்தில் அம்பேத்கர் படமும் இருக்கும். எழும்பூரைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ‘இது கோயில் மாதிரியே இல்லையே’ என்கிறார்கள். இது கூடிப் பேசும், படிக்கும் இடமும்கூட. தினமும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். ஞாயிறு கூட்டத்துக்கோ விழா நாளுக்கோ விசாரித்துவிட்டுப் போனால் ஆட்கள் இருப்பார்கள், பேச்சும் கிடைக்கும். இந்த இடத்தைப் பட்டியல்களின் கடைசியில் போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. சென்னையின் சொந்தப் பௌத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இருப்பது 1925ல் எழுப்பிய சிறு புத்தர் கோயில். பிக்கு இல்லை, பூசை நிரல் இல்லை; அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம். பார்வையாளரைக் காலையிலும் பிற்பகலிலும் குறிப்பிட்ட நேரத்தில்தான் விடுவார்கள், ஞாயிறு கிடையாது. நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். திருமுடிவாக்கம் விபாசனா மையத்தைச் சிலர் கோயில் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது பதிவு செய்தவர்களுக்கான பத்து நாள் பயிற்சி நடக்கும் இடம். சுற்றிப் பார்க்கப் போனால் மௌனத்தில் இருப்பவர்களுக்குத்தான் தொந்தரவு.

காஞ்சிபுரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் (பௌத்த மடங்கள்) பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்தார். மணிமேகலை தவம் பூண்டதாகக் காப்பியம் சொல்லும் ஊரும் இதுவே. ஆனால் இன்று ‘புத்தர் கோயில் எங்கே?’ என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் பயனில்லை. அம்மன் கோயில் பெயரையும் சிவன் கோயில் பெயரையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதிலில் புத்தர் உருவம் செதுக்கிய கற்கள் பதிந்திருக்கின்றன. எங்கோ இடிந்த பௌத்தக் கட்டடத்தின் கற்கள் மதிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவை சிறியவை, தேய்ந்தவை. உச்சி வெயிலில் மதில் முழுக்க ஒரே வெளுப்பாகத் தெரியும், ஒன்றும் புலப்படாது. காலை ஒன்பதுக்குள்ளோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது மதிலை ஒட்டி மெதுவாக நடந்தால் கிடைக்கும். அடுத்தது கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயில். அங்கே அமர்ந்த நிலையில் இரண்டு புத்தர் கற்சிலைகள் உண்டு. கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும், நான்கு மணிக்குமேல்தான் திறக்கும் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

கிராமங்களில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்ததும் புத்தர் என்று முடிவுகட்டிப் படம் பரப்புகிறவர்கள் இப்போது அதிகம். பாதிக்குப் பாதி அது சமணத் தீர்த்தங்கரர். இருவரும் ஒரே மாதிரி சம்மணமிட்டு மடியில் கைமேல் கை வைத்திருப்பார்கள். தலைக்கு மேல் முக்குடையும் இருபுறம் சாமரம் வீசுவோரும் இருந்தால் தீர்த்தங்கரர் என்று கொள்ளலாம். உடம்பில் ஆடையின் சுவடே இல்லாவிட்டாலும் அப்படியே. புத்தருக்குச் சீவரம் (பிக்குகள் போர்த்தும் ஆடை) உண்டு: இடத் தோளிலிருந்து மார்பின் குறுக்கே வலக் கையின் அடியில் போகும் ஒரு மெல்லிய விளிம்புக்கோடு. அதோடு உச்சியில் சுடர் முடி. நின்ற நிலை என்றால் குழப்பமில்லை. தீர்த்தங்கரருக்கு இரு கைகளும் நேராகத் தொங்கும். புத்தர் வலக் கையை உயர்த்தி அபயம் காட்டுவார்.

இந்த விளிம்புக்கோடு விரல் தடிமன்கூட இருக்காது. சிலையின் அடையாளம் முழுக்க அதில்தான் இருக்கிறது, நாம் முதலில் அழிப்பதும் அதைத்தான். வாரம் தவறாமல் எண்ணெய் பூசினால் புழுதியும் புகையும் அதில் ஒட்டி இறுகிக் கருந்தோலாகிவிடும், கோடு மறைந்துவிடும். எனாமல் பெயின்ட் அடித்தால் பள்ளம் நிரம்பிவிடும், கல்லுக்குள் போன ஈரமும் வெளியேற வழியின்றித் தோல் உரியும். ‘சுத்தம் செய்கிறோம்’ என்று மணல் பீய்ச்சினாலோ ஆசிட் ஊற்றினாலோ கோடே போய்விடும். பீடத்தோடு சேர்த்து முழங்கால்வரை சிமென்ட் போட்டுவிட்டால் எழுத்தோ சக்கரமோ சிங்கமோ பீடத்தில் இருந்ததா என்றே தெரியாமல் போகும். அப்புறம் அவர் முனீஸ்வரனா, ரிஷியா, புத்தரா என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சேலம் தலைவெட்டி முனியப்பன் கோயில் வழக்கில் 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் நிபுணர் குழு அறிக்கையைப் பார்த்து அது புத்தர் சிலையே என்று தீர்ப்பளித்தது நினைவிருக்கும்.

ஏரி தூர்வாரும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ சிலை வெளிப்பட்டால் அதைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், நிமிர்த்தி நடாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் சிலை கிடந்த திசையும்கூடச் சான்று. முன், பின், இருபக்கம், பீடம் என்று படம் எடுத்து, அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து உயரம் அகலம் குறித்து, அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். புதையல் சட்டம் 1878 முதல் இருக்கிறது; சொல்லாமல் வைத்துக்கொள்வது குற்றம். தேய்ந்த சிலையின் கோடு தெரியவில்லையென்றால் சாயங்காலத்துக்குப் பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத விளிம்பு தெரியும்.

வழிபாட்டில் இருக்கும் சிலையைப் பெயர்த்து மியூசியத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊர் பார்த்துக்கொள்ளும் சிலை ஊரிலேயே இருக்கட்டும். கூரையில்லாமல், கேட்பாரற்று வயல் ஓரத்தில் கிடப்பவற்றுக்குத்தான் அவசரம். அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. காஞ்சிபுரம் மதிலிலும் அம்மன் கோயிலிலும் இரண்டடி அளவில் ஒரு பலகை தமிழில் வைக்கலாம்: இது புத்தர் உருவம், ஏறத்தாழ இன்ன நூற்றாண்டு, இதன் மேல் எண்ணெயோ பெயின்ட்டோ பூச வேண்டாம் என்று மூன்று வரி. பலகையைச் சிலையில் ஆணியடித்து மாட்டாமல் தனிக் கம்பத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
எழும்பூர், சென்னை – 8